நாலு பேரில் ஒருத்தி

2023 ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீட் முடிவு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், உட்கார்ந்திருந்தோம். வெளியே களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீ டீச்சரு. உனக்குத்தான் தெரியும். என்ன பண்ணலாம்னு சொல்லு அம்முணி."

நான் சொன்னேன்: "இன்னொரு வருசம் போட்டு உடுங்ணா. இல்லீன்னா நாலு பேரு கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?"

அண்ணன் மகள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அது அவளுடைய இரண்டாவது நீட். இரண்டு முறையும் மார்க் போதவில்லை. மூன்றாவது முறை எழுத மாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். சொன்னதோடு நிற்கவில்லை. யாரிடமும் கேட்காமல் அரசு கலைக் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, கோயமுத்தூரில் பி.ஏ. வரலாற்றுக்கு இடமும் வாங்கி வைத்திருந்தாள்.

வரலாறு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எட்டாவது படிக்கும்போது பள்ளியில் கொடுமணலுக்குக் கூட்டிப்போனார்கள். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில் இருக்கிற சின்ன ஊர். சங்கப் பாடலில் கொடுமணம் என்று வருவது அந்த ஊர்தான். இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த பட்டறை, பெயர் கீறிய பானை ஓடு என்று அங்கே மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவை ஏராளம். மணி செய்ய வேண்டிய பெரில் கல் எங்கள் காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் கிடைத்தது. மழை பெய்து ஓய்ந்ததும் எங்கள் பக்கத்துக் காடுகளில் கல் பொறுக்கப் போகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அங்கே போய்வந்ததிலிருந்து பாப்பாவும் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, கல்லை அதில் போட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அந்தப் பாட்டிலை முதலில் கொண்டுவந்து காட்டியதே என்னிடம்தான்.

அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் இன்னொரு வருடம் கோச்சிங் ஆஸ்டலில் போடச் சொன்னேன். அன்றைக்கு அதை அக்கறை என்றே நம்பினேன். அது அக்கறை இல்லை என்று புரிய எனக்கு நாலரை மாதம் ஆனது. அதைச் சொல்வதற்கு முன்னால் நான் படித்த ஆஸ்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னை 2006-இல் நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம், அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்டவை அப்போது நிறைய. தொழிற்படிப்புகளுக்கு இருந்த நுழைவுத் தேர்வை நீக்கும் சட்டம் தமிழ்நாட்டில் அந்த வருடம்தான் வந்தது. 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மார்க் மட்டும்தான் கணக்கு. உயிரியலை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கி மொத்தம் 200-க்கு ஒரு கட்-ஆப். ஒவ்வொரு அரை மார்க்கிலும் ஒரு கூட்டமே நிற்கும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு நல்லது நடக்கட்டும் என்று வந்த மாற்றம் அது. அது நல்ல மாற்றம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் எங்கள் பள்ளி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பிளஸ் ஒன் பாடப்புத்தகத்தை நான் பிரித்ததே இல்லை. சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே பிளஸ் டூ பாடம்தான், இரண்டு வருடமும் அதே பாடம். நிறையப் பள்ளிகள் இப்படிச் செய்ததால்தான் பின்னால் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தபோது நான் டீச்சராகியிருந்தேன்.

அப்பா ஒரு ஜோடி காளையையும், மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் ஒரு ஏக்கரையும் விற்று பீஸ் கட்டினார். காலை நாலரைக்கு மணி அடிக்கும். இரவு பத்தரைக்கு விளக்கு அணையும். நடுவில் இருக்கிற நேரமெல்லாம் டெஸ்ட், திருத்தல், மறுபடி டெஸ்ட். வாரா வாரம் மார்க்கைக் கூட்டி, அதற்கேற்ப செக்சன் மாற்றுவார்கள். திங்கட்கிழமை காலை எந்த வகுப்பறையில் உட்காரப்போகிறோம் என்று ஞாயிற்றுக்கிழமை இரவு வரை தெரியாது. ஞாயிறு மதியம் அம்மா அப்பாக்கள் வேன் பிடித்து வருவார்கள். வேப்பமரத்தடியில் பாய் விரித்து, தூக்குப்போசியில் கொண்டுவந்த குழம்பை ஊற்றிக்கொடுத்துக்கொண்டே பக்கத்துப் பாயில் இருக்கிறவர்களிடம் கேட்பார்கள்: "உங்க பொண்ணு எந்தச் செக்சனுங்க?"

பத்திரிகைகளில் இந்தப் பள்ளிகளைப் பிராய்லர் பள்ளி என்று எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல் ஆகவே ஆகாது. கூண்டைத் திட்டுகிறேன் என்று கிளம்பி, உள்ளே இருக்கிற பிள்ளையைக் கோழி என்று சொல்லும் சொல் அது. நாங்கள் யாரும் கோழிகள் இல்லை. ஒவ்வொருத்திக்கும் ஒரு ஊர் இருந்தது, பயம் இருந்தது, விற்ற நிலமோ அடகு வைத்த நகையோ இருந்தது.

எங்கள் ரூமில் சேலத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கெமிஸ்ட்ரி நோட்டின் பின்பக்கத்திலிருந்து கோலம் போட்டுக்கொண்டே வருவாள். புள்ளி வைத்து, சிக்குக் கோலமாக, ஒரு பக்கத்துக்கு ஒன்று. விளக்கு அணைத்த பிறகு பாத்ரூம் வராந்தாவில் எரியும் பல்புக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வாள். படிப்பில் நடுத்தரம். மேல் செக்சனுக்கு வரவும் மாட்டாள், கீழ் செக்சனுக்குப் போகவும் மாட்டாள், அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவும் மாட்டாள். வாரம் ஒரு தடவை போன் பேச விடும்போது வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டுச் சிரிப்பாள். நாங்களெல்லாம் மார்க் சொல்லி அழுதுகொண்டிருப்போம்.

2007 நவம்பரில் ஒரு நாள் எனக்கு பிசிக்ஸில் மார்க் குறைந்து செக்சன் இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து போனேன். அவள் பல்புக்குக் கீழே உட்கார்ந்து, நாக்கை லேசாகத் துருத்திக்கொண்டு ஒரு வளைவை இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரு" என்றாள். நான் உட்காரவில்லை.

மறுநாள் காலை வார்டனிடம் போய்ச் சொன்னேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் ஸ்டடி ஹாலில் எல்லோர் முன்னாலும் பக்கம் பக்கமாகத் தூக்கிக் காட்டினார்கள். அப்புறம் கிழித்தார்கள். அவள் அப்பாவை வரச் சொல்லி, அவர் முன்னாலும் அதே பேச்சு. அந்த மனிதர் கைகட்டி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் கோலம் போட்டு நான் பார்க்கவில்லை. போனில் குழம்பைப் பற்றியும் கேட்கவில்லை.

ஏன் செய்தேன்? மார்க்குக்காக இல்லை. அவள் எனக்குப் போட்டியே இல்லை. என்னைவிட அதிக மார்க் வாங்கியவள் என்றால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது, அந்த எரிச்சலுக்கு அங்கே பழகிப்போயிருந்தோம். எங்கள் எல்லோரையும் நெரித்துக்கொண்டிருந்த ஒரு இடத்தில் அவள் மட்டும் தனக்கென்று ஒரு பல்பு வெளிச்சத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கு அமுங்குகிறது என்றால் அவளுக்கும் அமுங்க வேண்டும். பதினாறு, பதினேழு வயதில் இப்படி வார்த்தையாக யோசிக்கவில்லை. உடம்பு அப்படி நினைத்தது, கால் வார்டன் ரூமுக்கு நடந்தது.

பொறாமை என்றால் உயர்ந்தவனைப் பார்த்து வருவது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, நொந்துபோனவர்களுக்கு உயர்ந்தவனைவிட, நோகாமல் இருக்கிறவனைப் பார்த்தால்தான் அதிகம் வலிக்கிறது.

2008 மே மாதம் ரிசல்ட். 1200-க்கு 1098. மெடிக்கல் கட்-ஆப் 189.5, அது போதவில்லை. ஊரில் அதைத் தோல்வி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "பரவால்லீங்க, நல்ல மார்க்குத்தான்" என்றார்கள். அந்தப் பரவால்லீங்கவைக் கேட்க முடியாமல் அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். காலையில் எழுந்ததும் டீக்கடைக்குப் போய் பேப்பர் பார்ப்பது அவருக்கு இருபது வருடப் பழக்கம். நான் ஈரோட்டில் பி.எஸ்.சி. கணிதம் சேர்ந்து இரண்டாம் வருடம் போன பிறகுதான் மறுபடி அங்கே உட்கார ஆரம்பித்தார். அம்மா இன்றைக்கும் அந்த ஒரு ஏக்கரைப் பற்றிப் பேச மாட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போது கிளுவை வேலியைப் பார்க்காமல் நடப்பார்கள்.

இதில் எனக்கு அப்பா மேல் கோபம் இல்லை. டீக்கடைக்காரர்கள் மேலும் இல்லை. அவர்கள் யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்டவர்களில் ஒருவருடைய மகன் ஒன்பதாவதில் நின்றுவிட்டுத் திருப்பூரில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இன்னொருவர் மகளுக்கு வரன் அமையாமல் மூன்று வருடமாக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். அவர்களை நோக்கி வரவேண்டிய கேள்வி அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் பேச்சுக்கு நாயம் என்று பெயர். "என்ன நாயம் பேசீட்டிருக்கறீங்க" என்றால் என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். நியாயம்தான் நாயமானது. கட்டில் போட்டு உட்கார்ந்து ஊர் நாயம் பேசும்போது யாரும் தீர்ப்புச் சொல்வதாக நினைப்பதில்லை, பொழுது போகிறது என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் பேசி முடித்து எழும்போது ஒருவருக்குத் தண்டனை எழுதியாகிவிடுகிறது. அந்த ஆளுக்கே அது தெரியாது. அடுத்த நோம்பிக்கு வரும்போது பார்வையில் தெரிந்துகொள்வார்.

என் கல்யாணம் 2013-இல் காங்கேயத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், பெரியப்பா வீட்டு மருமகள் என் சேலை மடிப்பைச் சரிசெய்ய மணவறைக்குப் பக்கத்தில் வந்தார். அந்த அக்காவுக்குப் புருசன் லாரி விபத்தில் போய் இரண்டு வருடம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆத்தா எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆத்தா என்றால் எங்கள் அப்பாவைப் பெற்றவர். 31 வயதில் வெள்ளைச் சேலை கட்டியவர். கொங்குப் பக்கத்தில் அந்தக் காலத்தில் தாலியறுத்தவர்களுக்கு வெள்ளைதான், ஆயுசுக்கும். பெற்ற பிள்ளைகள் நாலு பேர் கல்யாணத்தையும் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தவர். சீர் எதிலும் கை வைத்ததில்லை. இந்த வலி என்னவென்று அந்த மண்டபத்தில் அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

மறுவீடு முடிந்து வந்தபோது கேட்டேன். "ஏனுங்காத்தா அந்தக்காவ அப்படி இழுத்துட்டுப் போனீங்க?"

ஆத்தா கோபப்படவில்லை. வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நா நாப்பது வருசமா பின்னால உக்கோந்திருக்கறன் சாமி. அவளுக்கு ரண்டு வருசந்தான ஆச்சு."

அந்தப் பதிலை நான் பல வருடம் பழைய காலத்து மனுசி என்று ஒதுக்கிவைத்திருந்தேன். இப்போது அப்படி ஒதுக்க முடியவில்லை. தன்னைப் பின்னால் உட்கார வைத்தது அநியாயம் என்று ஒப்புக்கொண்டால் அந்த நாற்பது வருடம் என்ன ஆவது? ஒரு பிள்ளையின் தலையிலும் அட்சதை போடாமல் இருந்தது எதற்காக? அந்த அக்கா ஒருத்தி மணவறையில் நின்று, ஒன்றும் ஆகாமல் கல்யாணம் நல்லபடி நடந்துவிட்டால், ஆத்தாவுக்கு நடந்ததெல்லாம் வீண் என்றாகிவிடும். அதைத் தாங்குவதைவிட அவர் கையைப் பிடித்து இழுப்பது சுலபம்.

கல்யாணத்துக்குப் பிறகு நாலு வருடம் எனக்குக் குழந்தை இல்லை. ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் நடந்த கதையெல்லாம் வேண்டாம், எங்கள் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே தெரியும் போர்டுகளே அதைச் சொல்லும். அந்த நாலு வருடத்தில் எங்கே ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் கூடினாலும் முதலில் வந்து நிற்பது ஒரு சின்னம்மா. "ஏஞ்சாமி, ஏதாச்சும் விசேசமா?" தனியாகக் கேட்க மாட்டார். பந்தியில், நாலு பேர் காதில் விழுகிற மாதிரிக் கேட்பார். அந்தச் சின்னம்மாவுக்கே ஏழு வருடம் குழந்தை இல்லாமல் இருந்தது. இரண்டாந்தாரம் பார்க்கலாமா என்று மாமியார் ஆள் விட்டுத் தேடிய வீடு அது. எத்தனையோ நாள் கிணற்றடியில் உட்கார்ந்து அழுததாக அம்மா சொல்லியிருக்கிறார்கள். இவருக்காவது தெரிய வேண்டாமா என்று நான் குமைந்திருக்கிறேன்.

2017-இல் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்ததும் அவர்தான். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் அழுத மாதிரி என் அம்மாகூட அழவில்லை. அது பொய் அழுகை இல்லை. பந்தியில் கேட்ட கேள்வியும் இந்த அழுகையும் ஒரே மனுசிக்குள் இருந்துதான் வந்தன. அவர் கெட்டவர் இல்லை. கேட்கிற இடத்தில் நின்றுகொண்டால் தன்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஏழு வருடத்தில் கற்றுக்கொண்டவர்.

ஆண்கள் இதிலிருந்து தப்பித்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் மாமா ஒருவர் ஈமு வளர்க்கப் பணம் கட்டினார். பெருந்துறைப் பக்கம் பெரிய பெரிய போர்டு வைத்து, கோழி மாதிரி குஞ்சு வாங்கி வளர்த்துக்கொடுத்தால் மாசா மாசம் பணம் என்று சொன்ன காலம் அது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கட்டிவிட்டார், நாம் கட்டாவிட்டால் பிழைக்கத் தெரியாதவன் என்று ஆகிவிடும். அதற்காகவே கட்டினார். அது நடக்காது என்று 2012 தொடக்கத்திலேயே மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் சொந்தத்தில் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டார். ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தது. கம்பெனிக்காரர்கள் ஓடிப்போக, தீனி இல்லாமல் பறவைகள் பட்டியில் கிடந்தன. சந்தேகம் வந்த பிறகும் ஏன் சேர்த்துவிட்டீர்கள் என்று அத்தை கேட்டதற்கு அவர் சொன்னாராம்: "எல்லாருமே கட்டீட்டாங்கன்னா நா ஒருத்தன் ஏமாந்தவன்னு ஆவாதில்ல." அந்த இரண்டு பேரில் ஒருவர் இன்றுவரை மாமா வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

தண்ணீருக்குப் போர்வெல் போடுகிற கதையும் இதே வகைதான். பக்கத்துக் காட்டில் எண்ணூறு அடிக்குப் போனால் நாம் ஆயிரம். நம் ஆயிரம் அவருடைய எண்ணூறைக் காயவைக்கும், அவர் கடன் வாங்கி ஆயிரத்து இருநூறுக்குப் போவார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராத்திரியில் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். கீழே இருப்பது எல்லோருக்கும் ஒரே தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடன் வாங்கியாவது தோண்டாமல் இருக்கிறவனுக்கு ஊரில் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள்.

பி.எட். படிக்கும்போது உளவியலில் ஒரு சோதனையைப் படித்தோம். 1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்பவர் நடத்தியது. ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார்கள். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருக்கிற மற்றவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பேசிவைத்து ஒரே தப்புப் பதிலைச் சொல்வார்கள். விஷயம் தெரியாத ஒருவர் மட்டும் கடைசிப் பக்கம் உட்கார்ந்திருப்பார். கண்ணுக்கு நேராகத் தெரிகிற கோட்டை விட்டுவிட்டு அவரும் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு தடவை. இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கடுத்த பகுதி. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால், தப்பாகச் சொல்வது முன்பு இருந்ததில் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பாதிக் கூட்டம் மாற வேண்டியதில்லை. ஒருவர் போதும்.

நான் இதைப் பரீட்சைக்கு எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு ஆசாரத்தில் அண்ணன், நங்கை (அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம்), என் அம்மா, நான் என்று சரியாக நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். கதவோரம் பாப்பா. மற்ற மூன்று பேருக்கும் ஆஸ்டல் என்றால் என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். அந்த ஒரு ஆளாக இருக்க வேண்டியவள் நான்தான். அண்ணன் என்னைக் கேட்டதே அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளையை அனுப்பாமல் இருக்க அவருக்கும் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. டீச்சர் சொல்லிவிட்டாள் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலையில் போனவள் அந்த வருடம் தீபாவளிக்கு வந்தாள். நான் போய்ப் பார்த்தேன். பேச்சே இல்லை. ஜடை பாதியாகியிருந்தது. நகத்தையெல்லாம் ரத்தம் வரக் கடித்திருந்தாள். பலகாரத் தட்டை முன்னால் வைத்தால் ஒரு முறுக்கை உடைத்து உடைத்துப் பொடியாக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கொறங்காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். மழை பெய்து கொழுக்கட்டைப்புல் பச்சையாக நின்றது. வழியில் கல் கிடந்தது, அவள் குனியவில்லை.

வேலியோரம் நின்றுகொண்டு கேட்டாள். "அத்தை, நீங்க படிச்ச ஆஸ்டல்ல நீங்க நல்லா இருந்தீங்களா?"

"இல்ல சாமி."

"அப்பறம் ஏனுங்கத்தை என்னயப் போகச் சொன்னீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். அவள் ஒரு கணக்குக்கு விடை தெரியாமல் கேட்பதுபோலக் கேட்டாள். எனக்குக் கோலம் போட்ட பெண் ஞாபகம் வந்தாள். ஆத்தா ஞாபகம் வந்தார். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னேன்:

"நீ போகாமயே நல்லா இருந்துட்டீன்னா, நா போனது வீணாப் போயிருமாட்ட இருந்துச்சு கண்ணு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி நடந்தோம்.

அன்று ராத்திரியே அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கோலம் நோட்டு உட்பட. அவர் கேட்டுவிட்டு, "இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நங்கை என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. பேசாமல் இருந்ததில் நியாயம் இருக்கிறது. பாப்பா மறுபடி அந்த ஆஸ்டலுக்குப் போகவில்லை. கட்டின பீஸ் போனது போனதுதான். முன்பு வாங்கிவைத்திருந்த காலேஜ் இடமும் போயிருந்தது. 2024-இல் மறுபடி விண்ணப்பித்து அதே வரலாற்றில் சேர்ந்தாள். வீட்டில் படுத்துக்கிடந்த அந்த ஏழெட்டு மாதத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்று இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

போன தை மாதம் ஒரு சீருக்குப் போயிருந்தோம். பந்தியில் சின்னம்மா எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தார். "பாப்பா என்ன படிக்குது? ஹிஸ்டரியா? அதப் படிச்சு என்ன சாமி பண்றது?" என் வாய்க்குள் பதில் தயாராக இருந்தது. சும்மா டிகிரி, அப்புறம் பேங்க் பரீட்சை எழுதப்போகிறாள் என்று. நாலு பேரைச் சமாதானப்படுத்தும் அந்தப் பதில் எவ்வளவு வேகமாக வந்து நிற்கிறது என்று பார்த்து எனக்கே பயமாக இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "கொடுமணல்ல தோண்டுனாங்கல்லங்க சின்னம்மா, அது மாதிரித் தோண்டறதுக்குப் படிக்குது" என்றேன். சின்னம்மா கொஞ்சம் யோசித்து, "வெயில்லயா நிக்கோணும்?" என்று கேட்டார். பாப்பா சிரித்துவிட்டாள். நான் அவள் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

இன்னொன்று பாக்கி இருந்தது. எங்கள் செட் ஆஸ்டல் பெண்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். சேலத்துப் பெண்ணும் அதில் இருக்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பூ படம் அனுப்புவாள், கோலம் அனுப்பி நான் பார்த்ததில்லை. சீருக்குப் போய்வந்த அடுத்த வாரம் அவளுக்குத் தனியாக எழுதினேன். 2007-இல் வார்டனிடம் சொன்னது நான்தான், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று, நாலே வரி.

படித்துவிட்டாள் என்று நீலக்குறி வந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"நீயா? வார்டன் தானா வந்து பாத்துட்டாங்கன்னுதான் இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன். நீ அன்னிக்கு ராத்திரி தூங்காம எந்திரிச்சு வந்தப்ப, எங்கூட உக்காரத்தான் வந்தேன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு இன்னொரு வரி.

"இப்ப எதுக்கு சொன்ன?"

மூன்று வாரமாகிறது. பதில் எழுத எடுத்து எடுத்து வைத்துவிடுகிறேன்.